வீடியோ கால்ல குரூப் ஸ்டடி: மூஞ்சிய காட்டணுமா, நோட்ட காட்டணுமா?

12 ஜூன் 2025, இரவு 9.20
(திருவொற்றியூர்லேந்து புதுசா வேலைக்கு சேர்ந்த ஒரு லெக்சரர் தம்பி கேட்டது)

ஈவினிங் காலேஜ் பசங்க. பாதி பேர் பகல்ல வேலைக்கு போறாங்க. வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி வீடியோ கால்ல நாலஞ்சு பேரா பிரிச்சு கணக்கு போட வைக்கலாம்னு இருக்கேன். கேமரா கட்டாயம் ஆன்ல இருக்கணும்னு ரூல் போட்டா ஒழுங்கா உக்காருவாங்களா? செஞ்சு பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

12 ஜூன், இரவு 10.45

உக்கார மாட்டாங்க தம்பி. கேமரா முன்னாடி ஒரு மூஞ்சி உக்காந்திருக்கும், ஆள் வேற எங்கியோ இருப்பான்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. கௌரவ விரிவுரையாளர், பேர்ல மட்டும் தான் கௌரவம். பி.காம் பசங்களுக்கு காஸ்டிங் (உற்பத்தி செலவு கணக்கு) எடுக்கறேன். நீங்க போடணும்னு நெனைக்கிற அதே ரூல நான் 2020லயே போட்டுட்டேன். மார்ச்ல காலேஜ மூடினாங்க, ஜூன் ஜூலைல எல்லாரும் ஆன்லைனுக்கு வந்தோம், "கேமரா இல்லன்னா அட்டெண்டன்ஸ் இல்ல"ன்னு மொத நாளே சொன்னேன், பெரிய கண்டிப்பான மிஸ்ஸுன்னு நெனப்பு எனக்கு. ஒருத்தன் நெத்தி மட்டும் தெரியும், ஒருத்தன் வீட்டு ஃபேன் மட்டும் சுத்தும், ஒருத்தி இருட்டுல உக்காந்து ஆன் பண்ணுவா. அதெல்லாம் கூட பரவால்ல. ஒரு பொண்ணுக்கு பின்னாடி அவ அப்பா நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து லுங்கியோட வாய தொறந்துகிட்டு தூங்கறது தெரிஞ்சுது. ஒரே ரூம் வீடு, வேற எங்க தூங்குவாரு? எவனோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கர் ஆக்கி கிளாஸ் குரூப்ல விட்டுட்டான். அந்த பொண்ணு அப்புறம் ஒரு வாரம் கிளாஸுக்கே வரல.

மறுநாளே ரூல எடுத்தேன். அவ அப்பாகிட்ட இன்னிக்கு வரைக்கும் மன்னிப்பு கேக்கல, அவருக்கு விஷயமே தெரியாதுன்னு நெனைக்கிறேன்.

அதனால என் பதில்: வீடியோ கால்ல குரூப் ஸ்டடி நடக்காது, நடக்கற மாதிரி தெரியும். அவ்ளோ தான்.

13 ஜூன், காலை 6.10

"அவ்ளோ தான்"னு எழுதிட்டு படுத்தேன், தூக்கம் வரல. நடக்கவே நடக்காதுன்னு சொன்னது பொய். ஒரு குரூப் நடந்துச்சு, இந்த ஜனவரிலேந்து ஏப்ரல் வரைக்கும். நான் ஆரம்பிச்சது இல்ல, பசங்களா ஆரம்பிச்சது. அத அப்புறம் எழுதறேன், இப்போ தண்ணி வந்துடுச்சு, குடம் வரிசைல நிக்குது.

13 ஜூன், மதியம் 1.30

டேட்டா பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். 2020ல அது தான் பெரிய தலைவலி. குரூப் வீடியோ ஒரு மணி நேரம் ஓடினா ஒரு ஜிபி பக்கம் காலி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே போன்ல காலேஜ்னா யார் கிளாஸ் முக்கியம்னு வீட்ல பஞ்சாயத்து. அரசாங்கம் 2021 ஜனவரிலேந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு குடுத்துச்சு, 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேல பசங்களுக்கு. நல்ல விஷயம் தான். ஆனா பிப்ரவரி 8ஆம் தேதி எல்லாருக்கும் காலேஜ் தொறந்தாச்சு, அதனால எங்க பசங்க அந்த டேட்டாவ எதுக்கு தீத்தாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

இப்போ டேட்டா பிரச்சினை இல்ல. எடம் தான் பிரச்சினை. ஹவுஸிங் போர்டு வீட்ல ஒரு மூலைல உக்காந்து பேசினா நாலு மூலைக்கும் கேக்கும். மொட்டை மாடிக்கு போனா கொசு.

14 ஜூன், இரவு 9.50

பிரேக்அவுட் ரூம், அதாவது ஒரே கால்ல பசங்கள சின்ன சின்ன குரூப்பா தனித்தனி ரூம்ல விடறது, வெக்கலாமான்னு கேட்டீங்க. சொல்றேன்.

கிளாஸ்ல 60 பேர நாலு நாலா உக்கார வெச்சு கணக்கு குடுத்தா எனக்கு காதே போதும். ஒரு மாதிரி இரைச்சல் வரும், அந்த இரைச்சல வெச்சே எந்த மூலைல வேலை நடக்குது எந்த மூலைல படக்கதை ஓடுதுன்னு சொல்லிடலாம். முதுகு காட்டி போர்டுல எழுதிக்கிட்டே சொல்லலாம். ஜூம்ல பிரேக்அவுட் ரூம் போட்டா அந்த காது போச்சு. ஒரு நேரத்துல ஒரு ரூம்ல தான் நான் இருக்க முடியும், மத்த பதினாலு ரூம் எனக்கு செத்த மாதிரி. ஒரு ரூம்குள்ள நுழைஞ்சேன், மயான அமைதி. நான் வந்தது தெரிஞ்ச அடுத்த செகண்ட் ஒருத்தன் "ஆமா மச்சி, நீ சொல்றது கரெக்ட்டு, நார்மல் லாஸ் தான்"ங்கறான். எவனும் ஒன்னும் சொல்லவே இல்லடா அங்க! அடுத்த ரூம்ல ஐபிஎல் ஸ்கோர். மூணாவது ரூம்ல ஒரே ஒரு பொண்ணு தனியா, மத்த மூணு பேரும் கட் பண்ணிட்டு போய்ட்டாங்க, "மிஸ் நான் மட்டும் கீறேன் மிஸ்"ன்னா. பாவமா இருந்துச்சு, அந்த பொண்ணு கூடவே மீதி நேரமும் உக்காந்துட்டேன்.

15 ஜூன், மாலை 4.00

ஞாயித்துக்கிழமை. அந்த அரியர் குரூப் கதைய இன்னிக்கு முழுசா எழுதிடறேன்.

நாலு பேர். காசிமேடு பையன், கொருக்குப்பேட்டை பையன், வியாசர்பாடி பொண்ணு, கொடுங்கையூர் பொண்ணு. பேர் வேணாம், ஊர் போதும். நாலு பேருக்கும் காஸ்டிங் அரியர். நாலு பேரும் சாயங்காலம் எங்கியாச்சும் வேலை பாக்கறவங்க, ராத்திரி ஒம்போதரைக்கு மேல தான் எல்லாரும் வீட்ல இருப்பாங்க. ஒரு நாள் வியாசர்பாடி பொண்ணு மெசேஜ் போட்டா, "மிஸ் ஒரு பத்து நிமிஷம் கால்ல வரீங்களா, ஒன்னும் பிரியல". சரின்னு லிங்க்க தொட்டேன்.

தொட்டா ஒரு மூஞ்சியும் இல்ல. ஸ்க்ரீன்ல மூணு நோட்டு. மூணு கை.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்னும் விளங்கல. அப்புறம் கேட்டா, ரெண்டு காலி ஹார்லிக்ஸ் பாட்டில், அதுக்கு மேல பாலம் மாதிரி ரெண்டு ஸ்கேல், ஸ்கேல் மேல போன ஸ்க்ரீன் மேல பாக்கற மாதிரி மல்லாக்க போட்டு பின் கேமராவ ஆன் பண்ணியிருக்காங்க. கேமரா நேரா நோட்ட பாக்குது. வீட்ல யார் தூங்கினா என்ன, யார் சட்டை மாத்தினா என்ன, செவுத்துல பெயிண்ட் உரிஞ்சா என்ன, வெளிய தெரியறது ஒரு பக்க பேப்பரும் ஒரு கையும் தான். காசிமேடு பையன் கிட்ட பாட்டில் இல்ல, அவன் ரெண்டு பக்கமும் புஸ்தகத்த அடுக்கியிருந்தான், எங்க காஸ்டிங் புஸ்தகத்த அவன் பிரயோஜனமா உபயோகிச்சத அன்னிக்கு தான் பாத்தேன்.

கணக்கு இது. உள்ள போட்டது 1,000 யூனிட், மொத்த செலவு 30,000 ரூபா. நார்மல் லாஸ் (எப்படியும் வீணாகும்னு எதிர்பாக்கறது) 10 சதவீதம், அந்த 100 யூனிட் ஸ்கிராப்பா, அதாவது கழிவா, யூனிட் 3 ரூபாக்கு போகும். வெளிய வந்தது 870 தான். அப்போ அப்நார்மல் லாஸ் (எதிர்பாக்காம வீணானது) எவ்ளோன்னு கேள்வி.

காசிமேடு பையன் கை எழுதுது. 30,000. கீழ 300 கழிச்சான், 29,700. கோடு போட்டான். கோட்டுக்கு கீழ 8ன்னு எழுதி நின்னுட்டான். பேனா முனை அந்த 8 மேலயே நிக்குது. அடிச்சான். 9ன்னு எழுதினான். அதையும் அடிச்சான். திரும்ப 870. கால்குலேட்டர தட்டி 34.14ன்னு எழுதினான். பைசால விடை வந்தா எங்க பசங்களுக்கு ஒடனே சந்தேகம் வந்துடும், கணக்கு வாத்தியாருங்க எல்லாம் முழு நம்பரா தான் கேப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

"ஏன்டா அங்க நின்ன?"ன்னு கொருக்குப்பேட்டை பையன் கேட்டான்.

"870 தானே கையில கீது. அத்தால தானே வகுக்கணும்?"

"மச்சி, நீ ஐஸ்பொட்டில மீன் போட்டு எடுத்துனு போற. ஐஸ் உருகி எடை கொறையுது, அது நார்மல் லாஸ், அது எல்லாருக்கும் தெரியும், வெல சொல்லும்போதே சேத்து தான் சொல்லுவ. வழியில பூனை ஒரு மீன தூக்கினு போய்டுச்சு. அது அப்நார்மல். பூனை தின்ன காச மீதி மீன் தலைல கட்டுவியா நீ? 900ஆல வகு. 33 வரும். மீதி 30 யூனிட்ட அதே 33ல போட்டு தனியா எடுத்து வை, 990."

பதினோரு வருஷமா நார்மல் லாஸ் அப்நார்மல் லாஸ் நடத்தறேன். இந்த பூனை எனக்கு தோணல.

நான் மைக்க கூட ஆன் பண்ணல. கட் பண்ணிட்டு "எல்லாம் சரியா தான் போகுது"ன்னு மெசேஜ் போட்டுட்டு படுத்துட்டேன்.

15 ஜூன், இரவு 8.15

சின்ன திருத்தம். "நோட்ட காட்டினா எழுத்து கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி தெரியாதா"ன்னு ஒருத்தர். முன் கேமரால ஒங்களுக்கு மட்டும் தான் அப்படி திரும்பி தெரியும், மத்தவங்களுக்கு நேரா தான் போகும். பின் கேமரால அந்த குழப்பமே இல்ல. இது தெரியாம எங்க கிளாஸ்ல ஒருத்தன் 2020ல பேர கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி எழுதி காட்டினான், எங்களுக்கு திரும்பி தெரிஞ்சுது, ரொம்ப பெருமையா வேற இருந்தான்.

18 ஜூன், இரவு 11.05

"நீ சொல்லு, இல்ல நீ சொல்லு, சரி நான் சொல்றேன், ஐயோ சாரி நீயே சொல்லு" இந்த நாடகம் ஏன் வருதுன்னு கேட்டாங்க. நெட்டு ஸ்லோன்னு திட்டறோம், முழுக்க அது இல்ல.

நேர்ல பேசும்போது ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கற இடைவெளி ரொம்ப கம்மி. பத்து மொழிய வெச்சு 2009ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கேள்வி கேட்டு பதில் வர சராசரியா 200 மில்லி செகண்ட் பக்கம் தான் ஆகுது, அதாவது ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. தமிழ் அந்த பத்துல இல்ல. நம்மள சேத்திருந்தா இடைவெளி மைனஸ்ல போயிருக்கும், நம்ம வீட்ல எவன் அடுத்தவன் முடிக்கற வரைக்கும் காத்திருக்கான்? போன் கால்ல குரல் ஒரு பக்கம் போய் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும்னு ஐடியூங்கற உலக தொலைத்தொடர்பு அமைப்பு ஒரு அளவு சொல்லுது. அது தாண்டினா, போக ஒரு தடவை வர ஒரு தடவைன்னு சேந்து, "அவன் பேசல, நான் பேசலாம்"னு நாம வாய தொறக்கும்போது அவன் ஏற்கனவே பேச ஆரம்பிச்சிருப்பான். ரெண்டு பேர்னா சமாளிக்கலாம். பத்து பேர்னா அமைதி தான் மிஞ்சும்.

எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒன்ன சொல்றேன். கேரம் போர்டு. வடசென்னைல தெருவுக்கு ஒரு கேரம் கிளப், உலக சாம்பியன் மரிய இருதயத்த தெரியாத ஆள் கிடையாது, 2024ல உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கின காஸிமாவும் எங்க வண்ணாரப்பேட்டை பக்கம் தான். ஒரு போர்டுக்கு நாலு பேர். மீதி எத்தினி பேர் நின்னு பாத்தாலும் ஆடறது நாலு பேர். முக்கியமா, யாரும் யார் மூஞ்சியும் பாக்கறதில்ல, எல்லார் கண்ணும் காய் மேல. அடுத்து யார் அடிக்கணும்னு வாய் தெறந்து சொல்ல வேணாம், ஸ்டிரைக்கர் யார் கையில இருக்குன்னு பாத்தா போதும்.

அந்த நாலு நோட்டு அப்படி தான் இருந்துச்சு. யார் பேனா ஓடுதோ அவங்க ஆட்டம்.

(மூணு நோட்டுன்னு மேல எழுதினேன், இப்போ நாலுங்கறேன். மூணு தான் சரி. ஏன்னு பின்னாடி சொல்றேன்.)

19 ஜூன், காலை 7.00

நேத்து எழுதினதுக்கு நாலு பேர் கேரம் பத்தி மட்டும் பதில் போட்டிருக்கீங்க. பவுடர் அதிகமா போடறது தப்பா சரியாங்கறது இந்த இழைல வேணாம். (தப்பு.)

21 ஜூன், இரவு 10.30

மூஞ்சி காட்டினா ஏன் அலுப்பு வருதுன்னு ஸ்டான்ஃபோர்ட்ல ஜெரமி பெய்லன்சன்னு ஒருத்தர் 2021ல எழுதினாரு. நாலு காரணம் சொல்றாரு. எல்லாரும் எந்நேரமும் நம்மள மொறச்சு பாக்கற மாதிரி பக்கத்துல தெரியறது, நம்ம மூஞ்சிய நாமளே மணிக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கறது, எடத்த விட்டு அசைய முடியாதது, தலையாட்டல் மாதிரி சின்ன சைகைய அனுப்பறதுக்கும் புரிஞ்சிக்கறதுக்கும் கூட மூளை கஷ்டப்படறது. எனக்கு ரெண்டாவது தான் ரொம்ப சரின்னு படுது. நான் கிளாஸ் எடுக்கும்போது பாதி நேரம் என் முடி சரியா இருக்கான்னு தான் பாத்துட்டு இருந்தேன். நோட்ட காட்டினா நாலுல மூணு அப்படியே போயிடுது, அசையாம உக்காரறது மட்டும் இருக்கு, கைய நகத்தினா பாட்டில் சாயும்.

இப்போ வேற ஒரு விஷயம். குரூப்னாலே ஒருத்தன் இழுப்பான், மத்தவன் சும்மா கைய வெச்சிருப்பான். இதுக்கு 1913லயே பிரான்ஸ்ல ரிங்கல்மன்னு ஒரு விவசாய இன்ஜினியர் கயிறு இழுக்க விட்டு அளந்து எழுதியிருக்காரு, ஆள் கூட கூட தலைக்கு இழுக்கற பலம் கொறையுது. 1979ல அமெரிக்கால லட்டானேன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் ஆளுங்களும் கத்த விட்டு கை தட்ட விட்டு பாத்தாங்க. தனியா இருந்தா ஒருத்தன் எவ்ளோ சத்தம் போடுவானோ, ஆறு பேர்ல ஒருத்தனா நின்னா அதுல 40 சதவீதம் பக்கம் தான். கரைவலை இழுக்கறவங்கள கேட்டா ஆராய்ச்சி இல்லாமலே சொல்லுவாங்க.

எங்க நாலு பேர்ல அந்த ஆள் கொடுங்கையூர் பொண்ணு. ஒரு நாள் கூட மைக் ஆன் பண்ணல. நோட்டு கேமரால வேற கள்ளம் ஒளிக்க முடியாது. வியாசர்பாடி பொண்ணு பேனா ஓடினா ரெண்டு செகண்ட் கழிச்சு இவ பேனா ஓடும், அவ நின்னா இவ நிப்பா, அவ அடிச்சா இவளும் அடிப்பா. அப்பட்டமான காப்பி. பரீட்சை ஹால்ல கூட இவ்ளோ தைரியமா யாரும் அடிச்சு நான் பாத்ததில்ல. "நீ குரூப்ல இருந்து என்ன பிரயோஜனம்"னு தனியா மெசேஜ் போட்டேன். பதில் "சாரி மிஸ்".

22 ஜூன், மதியம் 12.20

நேத்து எழுதினத படிச்சா நான் நல்லவ மாதிரி இருக்கு. மீதிய எழுதல.

அந்த மெசேஜ் போட்ட ரெண்டு வாரம் கழிச்சு, மார்ச்ல, அதே மாதிரி கணக்கு திரும்ப போட்டாங்க. மத்தவங்க 990ன்னு முடிச்சு அடுத்த கணக்குக்கு போய்ட்டாங்க. கொடுங்கையூர் பொண்ணு நோட்டுல மட்டும் பேனா போகல. மார்ஜின்ல 90ன்னு எழுதினா. சுத்தி ஒரு வட்டம். வட்டத்துக்கு பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அந்த பக்கத்த அப்படியே தூக்கி கேமரா கிட்ட கொண்டாந்தா, ஸ்க்ரீன் பூரா அந்த வட்டம் தான்.

கொருக்குப்பேட்டை பையன் "இன்னாது இது 90?"ன்னான். கீழ எழுதினா: 30 யூனிட்டையும் ஸ்கிராப்பா வித்தா 90 ரூபா வருமே, அது எங்க?

மூணு பேரும் கப்சிப். பூனை கதை சொன்னவனுக்கும் தெரியல. எனக்கு போன் பண்ணி கேட்டாங்க, நான் சொன்னது: 990ல 90 கழிச்சு 900 தான் லாப நஷ்ட கணக்குக்கு போகும், அந்த 90 ப்ராசஸ் அக்கவுண்ட்ல (தயாரிப்பு செலவ எழுதற கணக்குல) வராது, அப்நார்மல் லாஸ் அக்கவுண்ட்ல வரும், அத தான் முக்காவாசி பேர் பரீட்சைல விட்டுட்டு வருவாங்க. அவ காப்பி அடிச்சா தான். ஆனா ஒவ்வொரு வரியா, அடிச்சதையும் சேத்து, அவசரப்படாம அடிச்சா. மத்தவங்க விடைக்கு ஓடினாங்க, இவ வழியில என்ன விழுந்துச்சுன்னு பொறுக்கிட்டே வந்தா.

மைக் ஏன் ஆன் பண்ணலன்னு இன்னும் கேக்கல. எதாச்சும் இருக்கும். கூச்சமா கூட இருக்கும்.

27 ஜூன், இரவு 9.15

"வாட்ஸப்ல விடைய போட்டோ எடுத்து அனுப்பினா போதாதா, எதுக்கு லைவ்?" இது ஒரு சீனியர் சார் கேட்டது. சார், போட்டோல வர்றது முடிஞ்ச விடை. அந்த காசிமேடு பையன் 8 எழுதி அடிச்சு 9 எழுதி அடிச்சு நின்னான் பாருங்க, போட்டோல அது வராது. வந்தாலும் நாலு கிறுக்கலா தெரியும், எது மொதல்ல எது பின்னாடின்னு தெரியாது. ஒருத்தனுக்கு எங்க புரியலன்னு அவனுக்கே சொல்ல தெரியாது, பேனா நிக்கற எடம் சொல்லும். போர்டுல கூப்ட்டு போட சொன்னாலும் தெரியும் தான், ஆனா 60 பேர் முன்னாடி எவன் நிப்பான், தெரிஞ்சவன் மட்டும் தான் வருவான்.

போட்டோல ஒரு வசதி இருக்கு, ஒத்துக்கறேன். பத்து மணிக்கு மேல தூங்கறவங்க காலைல பாக்கலாம்.

28 ஜூன், மாலை 6.40

ஜிக்ஸாவும் நாங்க முயற்சி பண்ணோம். எலியட் ஆரன்சன் 1971ல டெக்ஸாஸ்ல ஆரம்பிச்சது, பாடத்த துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒன்னு குடுத்து, அவங்க அவங்க துண்ட மத்தவங்களுக்கு சொல்லி குடுக்கணும். வீடியோல சுத்தமா எடுபடல. ஒருத்தன் துண்ட படிக்காம வந்தா மொத்த குரூப்பும் காலி, வேலைக்கு போற பசங்கள்ல தினம் ஒருத்தன் படிக்காம தான் வருவான், அவன திட்டவும் மனசு வராது, பகல் பூரா மூட்டை தூக்கிட்டு வந்திருக்கான்.

30 ஜூன், இரவு 10.10

பசி நேரத்துல இத எழுதறேன். அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி ட்ரைஸ்மன்னு ஒருத்தர், 1970கள்ல, கால்குலஸ்ல ஏன் கறுப்பின பசங்க தோத்து போறாங்க, சீன பசங்க ஜெயிக்கறாங்கன்னு ரெண்டு பக்கமும் இருபது இருபது பேர் கூடவே சுத்தி பாத்தாரு. வீட்ல ஊக்கம் இல்ல, ஆர்வம் இல்லன்னு மத்த வாத்தியாருங்க சொன்ன காரணம் ஒன்னும் நிக்கல. கறுப்பின பசங்க நல்லா தான் ஒழச்சாங்க, ஆனா தனியா. சீன பசங்க தனியாவும் படிச்சுட்டு சாயங்காலம் ஒன்னா உக்காந்து சாப்ட்டுகிட்டே வீட்டுப்பாடத்த ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பாத்து சரி பண்ணிக்கிட்டாங்க. அவரு அதே மாதிரி ஒரு ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சாரு, கஷ்டமான கணக்கா குடுத்து சேந்து போட வெச்சாரு, மார்க் ஏறுச்சு.

இதுல "சாப்ட்டுகிட்டே"ங்கறது தான் எனக்கு இடிக்குது. வீடியோல எல்லாம் வந்துடும், இது வராது. எங்க நாலு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைல நேர்ல சந்திச்சாங்க, வாழைத்தண்டு சூப்போட. அதுக்கு அடுத்த வாரம் கால்ல ஒருத்தர ஒருத்தர் திட்டற தைரியம் வந்துடுச்சு, "ஏய் லூசு, ஸ்கிராப்ப கழி"ன்னு. அதுக்கு முன்னாடி எல்லாம் ரொம்ப மரியாதையா தப்பு பண்ணிட்டு இருந்தாங்க.

அதனால தம்பி, மொத ஒரு தடவை நேர்ல உக்கார வைங்க. டீ கடையா இருந்தாலும் பரவால்ல.

9 ஜூலை, இரவு 11.30

ஜூம்ல இலவசம்னா குரூப்புக்கு 40 நிமிஷம் தான், கூகுள் மீட்ல 60. 2020ல அந்த 40க்காக நாங்க அழுதோம். இப்போ எனக்கு 40 தான் புடிக்குது. மொத பத்து நிமிஷம் "சாப்ட்டியா, கேக்குதா, உன் லைட்டு சரியில்ல". அப்புறம் வேலை. 35 தாண்டினதும் பசங்களுக்கு ஒரு வெறி வரும், கட் ஆகறதுக்குள்ள இந்த ஒன்ன முடிச்சுடலாம்னு. பாதில அறுந்தா திரும்ப லிங்க் போட சோம்பல், அப்படியே தூங்க போவாங்க, காலைல வேலைக்கு எழுந்திரிக்கணுமே. காசு கட்டி நேரத்த நீட்டாதீங்க.

கொருக்குப்பேட்டை பையன் வீடு தண்டவாளத்த ஒட்டி. கூட்ஸ் வண்டி போனா ரெண்டு நிமிஷம் யாருக்கும் ஒன்னும் கேக்காது. அந்த ரெண்டு நிமிஷம் எல்லாரும் பேசாம எழுதுவாங்க. நல்ல எழுத்து எல்லாம் அப்போ தான் நடந்துச்சு.

16 ஜூலை, மதியம் 2.00

ரிசல்ட்.

வியாசர்பாடி பாஸ். கொடுங்கையூர் பாஸ், நாலு பேர்லயும் அதிக மார்க். காசிமேடு பாஸ், அவனுக்கு மீன்பிடி தடைக்காலம் கை குடுத்துச்சு, ஏப்ரல் 15லேந்து ஹார்பர்ல ஐஸ் ஏத்தற வேலை இல்ல, வீட்ல காசுக்கு கஷ்டம், ஆனா ராத்திரி எட்டு மணிக்கே நோட்டோட வந்து உக்காந்துட்டான்.

கொருக்குப்பேட்டை ஃபெயில். நாலு மார்க்ல போச்சு. பூனை கதை சொன்னவன்.

17 ஜூலை, இரவு 12.10

மதியத்துலேந்து இதே தான் ஓடுது. அடுத்தவனுக்கு சொல்லி குடுத்தா தனக்கு நல்லா ஏறும்னு நாங்க எல்லாரும் சொல்லுவோம், நானே கிளாஸ்ல சொல்லியிருக்கேன். மூணு நோட்டா நாலு நோட்டான்னு மேல குழம்பினேனே, காரணம் இது தான். நாலாவது நோட்டு இல்லவே இல்ல. அவன் கேமராவ ஒரு நாளும் கீழ திருப்பல, மைக் மட்டும் தான். எல்லார் நோட்டையும் பாத்து எங்க தப்புன்னு டக்குனு சொல்லுவான், அவன் சொன்னா சரியா இருக்கும், அதனால அவன் நோட்ட யாரும் கேக்கல. நானும் கேக்கல. மூணு மணி நேரம் ஃபார்மட் போட்டு, டெபிட் கிரெடிட் கோடு இழுத்து, கூட்டி எழுதறதுக்கு அவன் கை பழகவே இல்ல.

இல்ல, கேள்வித்தாள்ல வேற பாடம் அதிகமா வந்து அடி வாங்கினானோ என்னவோ. ஒரு பையன வெச்சு நான் முடிவு கட்ட கூடாது தான். போன் பண்ணேன். "உடு மிஸ், நவம்பர்ல தூக்கிடலாம்"ங்கறான். இந்த தடவை மொத பாட்டில் உன் வீட்ல தான் நிக்கணும்னு சொல்லியிருக்கேன்.

20 ஜூலை, இரவு 9.40

திருவொற்றியூர் தம்பி திரும்ப வந்துட்டாரு. நாலு பேர வெச்சு ஆரம்பிச்சாராம், மொத நாளே ஒரு பொண்ணு வீட்ல ஸ்கேல் ஒடிஞ்சு போன் நோட்டு மேல விழுந்து, நோட்டுக்கு பக்கத்துல இருந்த காபி மேல உருண்டு, "அக்கா ஒங்க ஐடியானால ஒரு போன் போச்சு"ங்கறாரு.

போன் போகலையாம், தொடச்சதும் வந்துடுச்சாம், சும்மா பயமுறுத்தறாரு. இருந்தாலும்: பிளாஸ்டிக் ஸ்கேல் வேணாம் தம்பி, மரம் இல்லன்னா இரும்பு. பாட்டில்ல பாதி வரைக்கும் மணலோ அரிசியோ போட்டா சாயாது. லைட்டு இடது பக்கம் இருக்கணும், வலது கைல எழுதறவங்களுக்கு வலது பக்கம் லைட்டு வெச்சா கை நிழல் எழுத்து மேலயே விழும். பென்சில் வேணாம், நீல பேனா, கொஞ்சம் பெருசா எழுத சொல்லுங்க. சார்ஜ் போட்டுக்கிட்டே வெச்சா சூடாகும்.

காபி டம்ளர் தரையில.